ஊதினால் ஒலியாது, முனகினால் பாடும்!

இசைக்கருவி என்றதும் எம்மவர் மனக்கண்ணில் தோன்றுவன யாவும் மதிப்பிற்குரியவை. வீணை என்றால் கலைமகளின் மடி. நாதஸ்வரம் என்றால் கோயில் வீதி. மிருதங்கம் என்றால் அரங்கேற்ற மேடை. வாத்தியத்தைத் தொடுமுன் கைகூப்பும் மரபில் வந்தவர்கள் நாம். தவறிக் கால் பட்டுவிட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்பவர்கள் நாம். இத்தகைய நம்மிடையே, கையில் எடுத்தவுடனேயே சிரிப்பை மூட்டும் ஒரு கருவியைப் பற்றி எழுதப் புகுவது சற்றுத் துணிச்சலான செயலே. ஆயினும், புலம்பெயர்ந்து வாழும் எமது வீடுகளில் இன்று பெருகிவரும் மௌனத்தை எண்ணும்போது, இச்சிறு கருவியிடம் நாம் கற்றுக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு என்றே தோன்றுகின்றது.

அக்கருவியின் பெயர் கசூ. ஒரு சாண் நீளம்கூட இராது. தகரத்தாலோ பிளாஸ்ரிக்காலோ செய்யப்பட்டு, ஒரு குட்டி நீர்மூழ்கிக் கப்பலின் வடிவில் இருக்கும். ரொறன்ரோவில் டொலர் கடைகளிலே பிறந்தநாள் விருந்துக்குரிய பொருள்களின் நடுவே, பலூன்களுக்கும் கடதாசித் தொப்பிகளுக்கும் பக்கத்தில் இதனைக் காணலாம். இதன் குரலை வருணிப்பது கடினம். வாத்து ஒன்று தேனீயை விழுங்கிவிட்டுப் பாட முயல்வது போன்றது என்று கூறினால் ஓரளவு பொருந்தும்.

தோலா, துளையா, மிடறா?

குழல் வடிவில் இருப்பதனால் இதனைப் புல்லாங்குழலின் உறவென்றே எவரும் நினைப்பர். வாங்கி வந்து வாயில் வைத்துப் பலமாக ஊதுவர். 'உஸ்' என்று காற்று வெளியேறுமேயன்றி ஓசை எழாது. பழுதான பொருளை விற்றுவிட்டான் என்று கடைக்காரனைச் சிலர் நொந்துகொள்வதும் உண்டு. உண்மை யாதெனில், கசூ ஊதினால் ஒலிக்காது. பாட்டை முனகினால் மட்டுமே ஒலிக்கும். அகன்ற முனையை வாயில் வைத்து 'டூ' என்றோ 'ரூ' என்றோ குரல் கொடுக்க வேண்டும். மேற்புறத்திலுள்ள வட்டத் துவாரத்தில் மெல்லிய சவ்வு ஒன்று பொருத்தப்பட்டிருக்கும். குரலின் அதிர்வு அச்சவ்வை நடுங்கச் செய்ய, அந்நடுக்கம் குரலோடு கலந்து ரீங்காரமாக வெளிவருகின்றது. நாம் எந்தச் சுருதியில் முனகுகின்றோமோ அதே சுருதியிலேயே கசூவும் பாடும். அதற்கென்று சொந்தச் சுரம் எதுவும் கிடையாது.

இசைக்கருவிகளைத் தோற்கருவி, துளைக்கருவி, நரம்புக்கருவி, கஞ்சக்கருவி, மிடற்றுக்கருவி என ஐவகையாகப் பிரித்தது தமிழ் மரபு. இவற்றுள் கசூ எதனைச் சாரும்? வடிவத்தால் துளைக்கருவி. ஒலிக்கும் முறையால் தோற்கருவி. ஆனால் பாடுவதென்னவோ மிடறு, அதாவது தொண்டை. 1914ஆம் ஆண்டில் ஹோன்பொஸ்ரல், சாக்ஸ் என்னும் இரு அறிஞர் உலகத்து இசைக்கருவிகள் அனைத்தையும் வகைப்படுத்தி ஜேர்மன் மொழியில் வெளியிட்டனர். இன்றுவரை ஆய்வாளர் பின்பற்றும் அவ்வகைப்பாடு கசூவைக் குழல்களோடு சேர்க்கவில்லை. சவ்வினால் ஒலிக்கும் கருவிகளோடு, அதாவது முரசு, மத்தளங்களோடு சேர்த்தது. அவ்வகையிற் பார்த்தால் டொலர் கடைக் கசூ எமது மிருதங்கத்துக்குத் தூரத்து உறவு! மிருதங்க வித்துவான்கள் எம்மைப் பொறுத்தருள்வார்களாக.

இந்த ரீங்காரத்தை இழிவானதென்று ஒதுக்கிவிடவும் முடியாது. தம்புராவின் தந்திக்கடியில் ஒரு சிறு நூலைச் செருகி அதன் நாதத்தை ரீங்கரிக்கச் செய்பவர்கள் நாம். அந்நூலுக்கு ஜீவாளி என்று பெயரும் இட்டோம். ரீங்காரமே நாதத்துக்கு உயிர் என்று கண்டவர்கள் எம் முன்னோர். சீனர்களின் 'டிசி' என்னும் குறுக்குக் குழலிலும், நாணலின் உட்தோலை ஒரு துளையின்மேல் ஒட்டி இதே அதிர்வைப் பெறுகின்றனர்.

அடிமைகளும் அரண்மனையும்

கசூவின் பிறப்பைத் தேடிச் சென்றால் அது எம்மைப் பல கண்டங்களுக்கு இட்டுச் செல்கின்றது. ஆபிரிக்காவின் பல பகுதிகளில், கொம்பின் அல்லது சுரைக்குடுவையின் துளையைச் சிலந்தி முட்டைக்கூட்டின் மெல்லிய சவ்வினால் மூடி, அதனுள் பேசிக் குரலை மாற்றும் வழக்கம் இருந்துவந்தது. சடங்குகளில் முகமூடி அணிந்து தோன்றுவோர் மூதாதையரின் குரலாகவோ தெய்வத்தின் குரலாகவோ பேசுவதற்கு இவ்வுபாயம் பயன்பட்டது. ஆக, இன்று சிரிப்புக்குரியதாகிவிட்ட இக்குரல் ஒரு காலத்தில் அச்சத்துக்கும் பக்திக்கும் உரியதாயிருந்தது.

ஐரோப்பாவில் 1636இல் மெர்சென் என்னும் பிரெஞ்சு அறிஞர் எழுதிய இசைநூலிலே, வெங்காயத்தோல் போன்ற சவ்வு பொருத்தப்பட்ட குழல் ஒன்றைப் பற்றிய குறிப்பு உண்டு. இந்தியாவிலும் இதற்கு ஓர் உறவு இருந்தது. நியாஸதரங்கம் எனப்பட்ட அக்கருவி பித்தளையாற் செய்த எக்காள வடிவினது. வாசிப்பவர் அதனை வாயில் வைப்பதில்லை. இரண்டு குழல்களைத் தொண்டையின் இருபுறமும் அழுத்திப் பிடித்துக்கொண்டு முனகுவார். தொண்டையின் அதிர்வு உள்ளிருக்கும் சிலந்திக்கூட்டுச் சவ்வை நடுங்கச் செய்து இசையாக வெளிவரும். 1891இல் கப்டன் டே என்னும் ஆங்கிலேயர் தென்னிந்திய இசை பற்றி எழுதிய பெருநூலில், வட இந்தியாவில் வழங்கிய இக்கருவியையும் வருணித்துள்ளார். பார்ப்பவர்க்கு அது மாயவித்தை போலத் தோன்றியிருக்கும் என்பதில் ஐயமில்லை.

அமெரிக்காவுக்கு இக்கருவி வந்த விதம் பற்றி ஒரு கதை வழங்குகின்றது. 1840களில் ஜோர்ஜியா மாநிலத்தின் மேக்கன் நகரில், அலபாமா வெஸ்ற் என்னும் கறுப்பினத்தவர் ஒருவர் ஜேர்மானிய மணிக்கூட்டுத் தொழிலாளி ஒருவரைக் கொண்டு முதலாவது கசூவைச் செய்வித்தார் என்பது அக்கதை. இதற்கு ஆவணச் சான்று ஏதும் கிடைத்திலது. எனினும், சங்கிலியிற் பிணைத்துக் கொண்டுவரப்பட்ட ஆபிரிக்க மக்களின் நினைவிலிருந்தே இக்கருவி அமெரிக்க மண்ணில் மீண்டும் முளைத்தது என்று கருதுவோர் பலர். கையிற் பொருள் ஏதுமின்றிக் கடல் கடந்தவர்கள் கருவியைக் கொண்டுவர முடியாது. கருவியின் நினைவைக் கொண்டுவர முடியும். இதனை எம்மவர்க்கு விளக்கிக் கூற வேண்டியதில்லை.

பவலோ தந்த கருவி

ஆவணங்கள் கூறும் வரலாறு இதுவாகும். 1883ஆம் ஆண்டு சனவரி மாதம், வாரன் ஹேர்பேட் புறொஸ்ற் என்பவர் 'கசூ' என்ற பெயரில் ஒரு விளையாட்டுக் கருவிக்கு அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். அதன் வடிவம் வேறு. இன்று நாம் காணும் நீர்மூழ்கி வடிவத்துக்கு 1902ஆம் ஆண்டு மே மாதத்தில் காப்புரிமை பெற்றவர் ஜோர்ஜ் டி. ஸ்மித். அவர் பவலோ நகரத்தவர். பவலோவுக்குத் தெற்கேயுள்ள ஈடன் என்னும் சிற்றூரில் 1916ஆம் ஆண்டு தகரக் கசூ செய்யும் தொழிற்சாலை உருவாயிற்று. இன்று அங்கு கசூவுக்கென ஓர் அருங்காட்சியகமும் உண்டு.

பவலோ என்ற பெயரைக் கேட்டதும் எமது வாசகர் பலரின் நெஞ்சில் வேறு நினைவுகள் எழக்கூடும். 1980களிலும் 1990களிலும் அமெரிக்கா வழியாகக் கனடாவுக்கு வந்த எம்மவர் பலருக்கு, சமாதானப் பாலத்தைக் கடந்து ஃபோர்ட் ஈரியில் தஞ்சம் கோருமுன் கடைசியாகத் தங்கிய நகரம் அதுவே. 1984இல் அங்கு தொடங்கப்பட்ட 'வீவ்' என்னும் அகதிகள் இல்லம் பல நாட்டவர்க்கும் அடைக்கலம் அளித்தது. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 29ஆம் திகதி கனடாவுக்கும் அமெரிக்காவுக்கும் இடையிலான பாதுகாப்பான மூன்றாம் நாட்டு ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்ததன் பின் அவ்வழி குறுகிப்போயிற்று. பயத்தோடும் பத்திரங்களோடும் எம்மவர் காத்திருந்த அந்நகரத்தின் பட்டறையில்தான், உலகத்துப் பிள்ளைகளைச் சிரிக்கவைத்த இக்கருவி உருப்பெற்றது என்பதை அன்று எத்தனை பேர் அறிந்திருப்பர்?

கசூவை இசையுலகம் கவனிக்கும்படி செய்தவர்கள் ஏழைகளே. எக்காளம் வாங்க வசதியற்ற கறுப்பின இசைஞர்கள் கசூவை அதன் இடத்தில் வைத்து வாசித்தனர். வெற்று ஜாடியின் வாயில் ஊதித் தாழ்ந்த சுருதியைப் பெற்றனர். சலவைப் பலகையைக் கீறித் தாளமிட்டனர். கசூவை முனகி மேற்குரலை நிரப்பினர். 1927ஆம் ஆண்டு முதல் மெம்பிஸ் ஜக் பாண்ட் என்னும் குழுவினர் வெளியிட்ட இசைத்தட்டுகளில் இன்றும் அதனைக் கேட்கலாம். அதற்கு முன்பே, 1924இல், சென் லூயிஸ் நகரைச் சேர்ந்த றெட் மெக்கென்சி என்பவர் தலைவாரும் சீப்பின்மேல் கடதாசியை வைத்து முனகியே இசைத்தட்டு வெளியிட்டுப் புகழடைந்தார். சீப்பும் கடதாசியும் எம் ஊர்ப் பிள்ளைகளுக்கும் தெரிந்த வாத்தியந்தான். ஆனால் அதனை இசைத்தட்டில் ஏற்றலாம் என்ற துணிவு எமக்கு வரவில்லை.

சிரிப்பின் இலக்கணம்

கசூ ஏன் சிரிப்பை மூட்டுகின்றது? கம்பீரமான ஒன்று அற்பமான குரலில் வரும்போது சிரிப்புப் பிறக்கின்றது. அரசன் கொலுவிருக்க, முன்னே கட்டியகாரன் வந்து அரசனைப் போலவே நடந்து காட்டினால் கூத்துப் பார்ப்போர் சிரிப்பது எதனால்? இசைநாடகங்களில் பபூன் தோன்றியதும் சபை நிமிர்ந்து உட்கார்வது எதனால்? அரிச்சந்திரனுக்காக விடியும்வரை அழத் தயாராயிருக்கும் சபைக்கு இடையிடையே சிரிக்கவும் வேண்டியிருந்தது. சோகத்தைத் தாங்கும் வலுவைச் சிரிப்பே தருகின்றது என்பதை எமது நாட்டுக்கூத்து அண்ணாவிமார் நன்கறிந்திருந்தனர்.

இந்த இரகசியத்தை ஒன்ராறியோ ஏரியின் அக்கரையிலுள்ள றொச்செஸ்ரர் நகரில் வாழ்ந்த பார்பரா ஸ்ருவேட் என்னும் அம்மையாரும் அறிந்திருந்தார். 'கசூபனி' என்னும் கச்சேரிக் குழுவை அமைத்துப் பெரும் இசைமேதைகளின் படைப்புகளைக் கசூவில் வாசித்த அவர், 1983இல் கசூ வாசிப்பது எப்படி என்று ஒரு நூலும் எழுதினார். சிரிக்கவைப்பவர் சிரிக்கலாகாது என்பதே இக்கலையின் முதல் விதி. 2011ஆம் ஆண்டு மார்ச் 14ஆம் திகதி, லண்டன் றோயல் அல்பேட் மண்டபத்தில் ஒரு நகைச்சுவை அறக்கொடை நிகழ்ச்சிக்காக 3,910 பேர் ஒருசேரக் கசூ வாசித்தனர். அவர்கள் எடுத்துக்கொண்டவற்றுள் ஒன்று வாக்னரின் வால்கிரிகளின் சவாரி. போர்த்தெய்வங்கள் வானில் பாய்ந்து வரும் அந்த இசை, நாலாயிரம் வாத்துகளின் குரலில் வந்தால் எப்படியிருக்கும் என்பதை வாசகர்களின் கற்பனைக்கே விடுகின்றோம்.

வேடிக்கைக்கு அப்பாலும் கசூ சென்றதுண்டு. அமெரிக்க இசைமேதை லெனாட் பேர்ண்ஸ்ரைன் 1971இல் வாஷிங்ரனில் கென்னடி கலைநிலையத் திறப்புக்காக ஆக்கிய 'மாஸ்' என்னும் பேரிசைப் படைப்பிலே கசூக் குழுவுக்கும் ஓரிடம் அளித்தார். பிரித்தானிய இசையமைப்பாளர் டேவிட் பெட்போர்ட் நூறு கசூக்களுக்கென ஒரு படைப்பை ஆக்கினார். அதில் கசூ வாசிப்போர் இசைஞர் அல்லர். பார்க்க வந்த சபையினர்! அவர்கள் கையில் கசூக்களைக் கொடுத்து, மேடையிலிருக்கும் தேர்ந்த இசைஞருடன் சேர்ந்து வாசிக்கச் செய்தார்.

எமது மாகாணத்திலும் இதற்கோர் உதாரணம் உண்டு. ரொறன்ரோவுக்கு மேற்கேயுள்ள லண்டன் நகரில் 1965ஆம் ஆண்டு ஓவியர் கிரெக் கேர்ணோவும் நண்பர்களும் ஒரு குறும்படத்துக்காகக் கசூ வாசித்தனர். அதிலிருந்து வளர்ந்ததே நிகிலிஸ்ற் ஸ்பாசம் பாண்ட் என்னும் குழு. முறையான இசைப்பயிற்சி அற்றவர்கள். கருவிகளைத் தாமே செய்துகொண்டவர்கள். காதுக்கு இதமான இசை என்று அதனை எவரும் கூறார். ஆயினும் பல பதிற்றாண்டுகள் கடந்தும் அக்குழு பேசப்படுகின்றது. இசை என்பது பயின்றவர்க்கு மட்டும் உரிய சொத்தா என்று அவர்கள் எழுப்பிய வினா இன்னும் விடையின்றியே நிற்கின்றது.

குரலை மாற்றிச் சிரிப்பூட்டும் இன்னுமொரு கலை இராஜஸ்தானத்துப் பொம்மலாட்டம். பொம்மையை ஆட்டுபவர் 'போலி' எனப்படும் சிறு ஊதியை வாயில் வைத்துக்கொண்டு கீச்சுக் குரலில் பேசுவார். பொம்மை சொல்வது சபைக்கு விளங்காது. பக்கத்தில் மேளம் தட்டுபவர் அதனைத் திருப்பிக் கூறி விளக்குவார். தன் துன்பக் கதையைத் தன் மொழியிற் கூறி, அது மொழிபெயர்ப்பாளரின் வாய்வழியே இன்னொரு குரலாக வெளிவருவதை அகதி விசாரணை அறையில் இருந்து கேட்ட எம்மவர்க்கு இந்நிலை புதிதன்று. பொம்மலாட்டத்தில் அது சிரிப்பு. விசாரணை அறையில் அது வாழ்வா சாவா என்ற கேள்வி.

எமது வீடுகளில் இரு சிரிப்புகள்

இனி, நாம் சொல்லவந்த விடயத்துக்கு வருவோம். எமது வீடுகளில் இருவகைச் சிரிப்புகள் உலவுகின்றன. இங்கு பிறந்த பிள்ளை ஒன்று தமிழிற் பேசத் தொடங்குகின்றது. 'பழம்' என்பது 'பலம்' என்று வருகின்றது. விருந்துக்கு வந்த மாமாவும் மாமியும் சிரிக்கின்றனர். அன்பினால் எழுந்த சிரிப்புத்தான், ஐயமில்லை. ஆனால் பிள்ளைக்கு அது தெரியாது. அடுத்த முறை பிள்ளை ஆங்கிலத்தில் பதில் சொல்கின்றது. அதற்கடுத்த முறை தலையை மட்டும் ஆட்டுகின்றது. பின்னர் தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்கின்றது.

மறுபுறத்தில் அம்மம்மா. வைத்தியரின் வரவேற்பறையிலே தட்டுத்தடுமாறி இரண்டு ஆங்கிலச் சொற்களைச் சொல்கின்றார். பேரப்பிள்ளைகள் சிரிக்கின்றனர். அதுவும் அன்பினால் எழுந்த சிரிப்பே. ஆனால் அம்மம்மாவும் அன்று முதல் வாய் திறப்பதில்லை. ஊரிலே கோயிற் திருவிழாவில் திருவாசகம் பாடிய குரல், இங்கு தொடர்மாடி வீட்டின் பதினான்காம் மாடியில் சாளரத்தோரம் மௌனமாக அமர்ந்திருக்கின்றது. ஒரே வீட்டில், ஒருவரையொருவர் நேசிக்கும் இருவர், ஒருவர் சிரிப்புக்கு மற்றவர் அஞ்சிப் பேசாதிருக்கும் நிலையைவிடத் துயரமானது வேறு யாது?

நாம் இதற்கு மருந்தாக என்ன செய்கின்றோம்? பிள்ளைகளைப் பாட்டு வகுப்புக்கும் வீணை வகுப்புக்கும் நடன வகுப்புக்கும் அனுப்புகின்றோம். இது பாராட்டப்பட வேண்டியதே. போரையும் இடப்பெயர்வையும் கடந்து வந்த ஒரு சமூகம், தன் உழைப்பிற் பெரும்பகுதியைப் பிள்ளைகளின் கலைக்குச் செலவிடுவது உலகில் அரிதான செயல். ஆனால் அங்கும் அச்சம் தொடர்கின்றது. சுருதி தவறிவிடுமோ, தாளம் பிசகிவிடுமோ, அரங்கேற்ற மேடையில் உறவினர் முன் தலைகுனிய நேருமோ என்ற அச்சம். மண்டபம், உடை, பக்கவாத்தியம், விருந்து என்று பெற்றோர் பெருந்தொகை செலவிட்டிருப்பதைப் பிள்ளை அறியும். தவறுவதற்கு இடமில்லாத இடத்தில் குரல் எப்படித் தயங்காமல் எழும்?

கசூவின் பெருமை இங்குதான் விளங்குகின்றது. அதனிடம் சொற்கள் கிடையாது. லகர, ளகர, ழகரம் எதுவும் கிடையாது. அப்பப்பா முனகினாலும் பேத்தி முனகினாலும் வெளிவருவது ஒரே வாத்துக் குரல். இசைமணிப் பட்டம் பெற்றவருக்கும், சரளிவரிசையை நேற்றுத் தொடங்கியவருக்கும் கசூ ஒரே மரியாதையைத்தான் செய்கின்றது. சிரிக்கப்படுபவர் என்று தனியே ஒருவர் இல்லாதபோது, சிரிப்பு எவரையும் புண்படுத்துவதில்லை. எல்லோரும் சேர்ந்து நகைப்புக்கு உள்ளாகும் இடத்தில் வெட்கம் தானாகவே எழுந்து போய்விடுகின்றது.

இசை வகையிலும் இதில் ஒரு நன்மை உண்டு. பியானோ போன்ற விசைக்கருவிகளில் கமகம் பிடிக்க இயலாது. ஒரு சுரத்திலிருந்து மற்றதற்குத் தாவவே முடியும். கசூவிலோ பாடுவது தொண்டையேயாதலால், தோடியின் அசைவோ சஹானாவின் குழைவோ தொண்டையில் இருந்தால் கசூவிலும் இருக்கும். தொண்டையில் இல்லாவிடில் இராது. நாக்கினாற் சொற்கட்டு இட்டு நாதஸ்வரத்தில் சுரங்களைப் பிரிப்பது போல, கசூவிலும் 'டூ', 'து', 'ரு' என்று நாக்கை அசைத்தே சுரங்களைத் தெளிவாகப் பிரிக்கலாம். எனவே இது கேலிப்பொருள் என்று எண்ணி எடுத்தவர், தம்மையறியாமலே குரற்பயிற்சி செய்தவராகின்றார்.

பூவரசம் இலையின் இடத்தில்

எம் ஊர்ப் பிள்ளைகளுக்கு இத்தகையதொரு கருவி வேலியிலேயே கிடைத்தது. யாழ்ப்பாணத்து வேலிகளிலே கிளுவையோடும் முள்முருக்கோடும் நின்ற பூவரசின் இலையை ஆய்ந்து, இறுகச் சுருட்டி, ஒரு முனையைச் சற்று நசுக்கி ஊதினால் 'பீ' என்று அலறும். அதனைச் செய்து தருவதற்கு ஒரு அண்ணனோ அக்காவோ எப்போதும் அருகிலிருந்தனர். தமிழகத்திலும் பிள்ளைகள் அறிந்த விளையாட்டே இது. 2014இல் 'பூவரசம் பீப்பீ' என்ற பெயரிலேயே சிறுவர் பற்றிய தமிழ்த் திரைப்படம் ஒன்றும் வெளிவந்தது. காசு வேண்டாம், ஆசிரியர் வேண்டாம், வாடினால் எறிந்துவிட்டு இன்னொரு இலையை ஆய்ந்துகொள்ளலாம். கனடாவின் உறைபனியில் பூவரசு முளையாது. மேப்பிள் இலையைச் சுருட்டினால் அது கிழியுமேயன்றிப் பாடாது. பூவரசம் பீப்பீயோடு நாம் இழந்தது ஒரு விளையாட்டுப் பொருளை மட்டுமன்று. தவறுவதற்கு அஞ்சாமல் ஓசை எழுப்பும் உரிமையையும் இழந்தோம்.

அவ்வுரிமையைச் சிறிதேனும் மீட்டுக்கொள்ளக் கசூ உதவும். கடையில் வாங்க விரும்பாதோர் வீட்டிலேயே செய்துகொள்ளலாம். சமையலறைக் கடதாசிச் சுருள் தீர்ந்ததும் எஞ்சும் மட்டைக் குழாயை எடுத்து, அதன் ஒரு முனையை மெழுகுக் கடதாசியால் மூடி, றப்பர் வளையத்தால் இறுக்குக. அம்முனைக்கு அருகே குழாயின் பக்கத்தில் ஒரு சிறு துளையிடுக. திறந்த முனையில் வாயை வைத்து முனகினாற் போதும். ஒருவர் வாயில் வைத்ததை மற்றவர் வாங்கி வாசித்தல் ஆகாது. ஆளுக்கொன்று இருத்தல் நலம். மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளிடம் சிறு பாகங்கள் கழலக்கூடிய கசூவைக் கொடுத்தல் தவறு. இரவு பத்து மணிக்குப் பின் தொடர்மாடிச் சுவருக்கு அப்பால் உறங்குவோரையும் நினைவிற் கொள்க.

பின்பு ஒரு விளையாட்டு. சொல் இல்லாமல் ஒருவர் ஒரு பாட்டை முனக, மற்றவர்கள் அது எப்பாட்டு என்று கண்டுபிடிக்க வேண்டும். அம்மம்மா தம் இளமைக்காலத்துத் திரைப்பாட்டை முனகட்டும். பேரன் பள்ளியிற் கேட்ட ஆங்கிலப் பாட்டை முனகட்டும். முதலில் இருவருக்கும் ஒன்றும் விளங்காது. சிரிப்புத்தான் மிஞ்சும். ஆனால் இரண்டொரு நாளில் பேரன் அம்மம்மாவின் மெட்டைத் திருப்பி முனகக் கூடும். அப்போது அவன் அந்த மெட்டின் சொற்கள் யாவை என்று கேட்டால், தமிழ்ப் பாடம் அந்தக் கேள்வியிலிருந்து தொடங்கலாம்.

ஒன்றைத் தெளிவாகக் கூற விரும்புகின்றோம். கசூ தமிழைக் கற்பிக்காது. சொல்லைச் சுமக்கும் ஆற்றல் அதற்கில்லை. மெட்டை மட்டுமே அது சுமக்கும். ஆகவே சனிக்கிழமைத் தமிழ் வகுப்பின் இடத்தில் அதனை வைக்க முடியாது. பாட்டாசிரியரின் இடத்திலும் வைக்க முடியாது. அதனால் இயன்றது அடைத்துக்கிடக்கும் வாயைத் திறப்பிப்பது ஒன்றே. எமது வீடுகளிற் பலவற்றுக்கு இன்று முதலில் வேண்டியதும் அதுவே.

ஒன்ராறியோ மாகாணம் 2014ஆம் ஆண்டிலும் கனடா நாடாளுமன்றத்தின் மக்களவை 2016ஆம் ஆண்டிலும் சனவரியைத் தமிழ் மரபுத் திங்களாக ஏற்றன. அதே மாதத்து 28ஆம் நாளை அமெரிக்கர் கசூ நாளாகக் கொண்டாடுவது தற்செயலான பொருத்தம். மரபுத் திங்கள் மேடைகளில் எம் பிள்ளைகள் வீணை மீட்டட்டும், பரதம் ஆடட்டும், திருக்குறள் ஒப்புவிக்கட்டும். அவற்றின் நடுவே பத்து நிமிடங்களை அமைப்பாளர்கள் ஒதுக்கினால் என்ன? டேவிட் பெட்போர்ட் செய்தது போலச் சபையோர் கையில் ஆளுக்கொரு கசூவைக் கொடுத்து, எல்லோரும் அறிந்த ஒரு தாலாட்டையோ நாட்டார் பாடலையோ முனகச் சொன்னால் என்ன? முன்வரிசையில் அமர்ந்திருக்கும் பிரமுகர்களும், பின்வரிசையில் கைத்தொலைபேசியை நோக்கியபடி இருக்கும் இளைஞர்களும், மேடையேறுவதற்கு அஞ்சும் சிறுவர்களும், எவரும் தம்மைப் பாடச் சொல்வதில்லையென்று இருக்கும் முதியோரும் அப்பத்து நிமிடங்களுக்கு ஒரே குரலாவர்.

வீணையைக் கொடுத்தால் விரல் கேட்கும். நாதஸ்வரத்தைக் கொடுத்தால் மூச்சுக் கேட்கும். இரண்டுக்கும் ஆண்டுக்கணக்கிற் பயிற்சி வேண்டும். கசூ கேட்பது ஒன்றேயொன்று: உன் குரலைத் தா. எவ்வளவு பலமாக ஊதினாலும் அது பேசாது. குரல் கொடுத்தால் மட்டுமே பேசும்.